எட்டு நாற்பது

கணினித் திரையில் இருந்த சிவப்புப் புள்ளி தப்பான இடத்தில் நின்றது.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கடலோரக் காவல்படையின் மீட்பு அறையில் இருந்த யாரும் அவளைக் கேட்கவில்லை.

காலையில் கிடைத்த தகவல் இவ்வளவுதான். அவள் கணவன் பென்சிகரின் விசைப்படகில் தண்ணீர் ஏறுகிறது. வடக்கு எட்டு நாற்பது, கிழக்கு எழுபது. அதோடு வயர்லெஸ் அடங்கிவிட்டது.

மத்தியானம் முதல் கப்பல் தேடுகிறது. ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் இருட்டிவிடும்.

அவள் மடியில் மகளின் பழைய பள்ளிக்கூட அட்லஸ் இருந்தது.

இந்த நேரத்தில் இதையும் தூக்கிக்கொண்டு வந்தாளே என்று துணைக்கு வந்த பங்குச் சாமியார்கூட ஒரு மாதிரி பார்த்தார். ஊரில் மற்ற பெண்கள் கடலுக்குப் போனவனுக்காக ஜெபமாலை உருட்டுவார்கள். இவள் அட்லஸில் கோடு பார்ப்பாள். என்ன செய்வது, பிறவிக் குணம்.

வயர்லெஸ்ஸில் அவன் பேசும்போதெல்லாம் எங்கே நிற்கிறான் என்று கேட்டு அட்லஸில் பென்சிலால் புள்ளி வைப்பாள். அவன் வலை போடுவது பெரும்பாலும் எட்டாம் அட்சக்கோட்டுக்கும் ஒன்பதாம் கோட்டுக்கும் நடுவில்தான். அந்த எட்டாம் கோடு தன் ஊருக்குப் பக்கத்திலேயே போவதைக் கண்ட நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரலை வைத்து மேற்கே நகர்த்தினாள்.

மினிக்காயைத் தொட்டும் தொடாமலும் போனது. சோமாலியா. எத்தியோப்பியா. நைஜீரியா.

பிறகு ஒரு சமுத்திரம்.

வெனிசுலா, பனாமா. அதைவிடப் பெரிய சமுத்திரம் ஒன்று. பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இலங்கை.

கடைசியில் கன்னியாகுமரி!

அங்கேயெல்லாம் தென்னை நிற்குமா? ஆமை வருமா? பனாமாவிலும் ஒருத்தி மீன்காரனைக் கட்டிக்கொண்டு அவதிப்படுவாளா? எல்லாவற்றையும் அவனிடம் கேட்டாள்.

"அந்தக் கோட்ட விடாம புடிச்சி நடந்தியெண்ணா, நம்ம வீட்டுப் புறவாசல்ல வந்து நிப்ப" என்று சிரித்தான் பென்சிகர்.

முதல் வருடம் அவளும் ஒரு தப்புச் செய்தாள். அவன் எட்டு ஐம்பது என்றால், எட்டுக்கும் ஒன்பதுக்கும் சரிபாதியில் புள்ளி வைத்தாள். எட்டுப் புள்ளி ஐம்பது என்றால் எட்டரைதானே. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் ஐம்பத்தொன்பதைத் தாண்டி எண் சொன்னதே இல்லை. எட்டு எழுபதும் எட்டு எண்பதும் எங்கே போயின?

அவன் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டாள். மணிக்கு அறுபது நிமிடம் மாதிரி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கும் அறுபது நிமிடம்தான் என்றான். ரப்பரை எடுத்து ஒரு வருடத்துப் புள்ளிகளை அழித்து, மறுபடி வைத்தாள்.

இப்போது திரையில் இருப்பது அவளுடைய அதே தப்பு.

சொல்லி அது தவறாய்ப் போனால் இருக்கிற வெளிச்சமும் வீணாகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான்.

எழுந்து அதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"சாரே, அது எட்டுப் புள்ளி நாப்பது இல்ல. எட்டு டிகிரி, நாப்பது நிமிசம். இன்னும் மேல நிக்கணும்."

அதிகாரி அட்லஸைப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளிகள். எண்ணை மாற்றிப் போட்டார். சிவப்புப் புள்ளி வடக்கே பதினாறு கடல்மைல் ஏறி நின்றது.

அவர் முகம் வெளிறிவிட்டது.

கப்பலைத் திருப்பச் சொன்னார்கள்.

ஒன்றரை மணி நேரம் போனது. அவள் அட்லஸைத் திறக்கவில்லை. எதையும் தெரிந்துகொள்ள அவளுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. படகில் மொத்தம் எத்தனை பேர் என்று கப்பலிலிருந்து கேட்டார்கள்.

பதினோரு பேர் என்றார் அதிகாரி.

மறுமுனையில் யாரோ, கப்பலில் ஏறுகிறவர்களை இந்தியில் எண்ணத் தொடங்கினார்கள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது.

அவளுக்கு இந்தி தெரியாது. சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கினாள்.

பத்து விரலும் மடங்கிவிட்டன.

இன்னொரு சொல் வந்தது.