சத்தம் நின்றால்

"ஐயோ, என்னக்கா சத்தம் அது?"

தங்கையின் கையிலிருந்த டீ தளும்பியது. உள் அறையில் துப்பாக்கிகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமில்ல. பையன் கேம் ஆடறான்" என்றாள் அக்கா. அவளுக்கு இமைகூட அசையவில்லை.

"பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டா? திற, பார்க்கறேன்."

திறந்ததும் தங்கை வாயைப் பிளந்தாள். மூன்று வருடங்களுக்கு முன், பெரியவன் பைக்கோடு லாரிக்கு அடியில் போன சமயம், இங்கே கட்டில் காலடியில் ஒரு சின்ன கேம் பெட்டிதான் இருந்தது. பிறகு அதற்குத் துணையாகப் பெரிய டிவி வந்திருந்தது. டிவிக்குத் தோதாகச் சுழல் நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் ஸ்டியரிங், காலுக்கு பெடல், சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க டிஸ்க். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, கட்டிலே ஹாலுக்கு வந்துவிட்டது.

"வாங்க சித்தி" என்றான் சின்னவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபத்திரண்டு வயசு. முகம் வெயில் படாத செடி மாதிரி வெளுத்திருந்தது.

தங்கை அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"பெரியவனைத்தான் பறிகொடுத்தோம். இவன் தானாப் போய் உள்ள புதைஞ்சுக்கிட்டானே! மாசத்துக்கு ஒண்ணு சேருது போல?"

"ஒண்ணு ஆடி முடிச்சா அடுத்தது வந்துடுது" என்றாள் அக்கா, பாத்திரத்தைத் துலக்கியபடி.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாமயா? தூக்கமே போச்சுடி. அந்தக் கதவையேதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ என்கூட அனுப்பு. என் பேக்கரியில டெலிவரிக்கு ஆள் இல்ல. வண்டி நான் தர்றேன். நாலு தெரு சுத்தினான்னா மனுஷனாயிடுவான்."

அக்காவின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது.

"வேண்டாம். அவன்கிட்ட எதுவும் கேட்காதே."

"பூனைக்கு யாராவது மணி கட்டணுமில்ல? நான் கேட்கறேன்."

தடுப்பதற்குள் தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சட்டென்று துப்பாக்கிச் சத்தம் நின்றது.

அந்தச் சத்தம் நின்றாலே அக்காவுக்கு இப்படித்தான், முதலில் கை சில்லிட்டுப்போகும், அப்புறம் காது அடைத்துக்கொள்ளும். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

கதவு திறந்தது. சின்னவன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி வந்து, ஷூவைத் தேடி எடுத்து, தூசி தட்டினான்.

"சித்திகூடப் போறேம்மா. எனக்கே போரடிச்சுப் போச்சு."

"பார்த்தியா? நல்லவிதமா நாலு வார்த்தை, அவ்வளவுதான்! நீ என்னமோ பூதம் மாதிரி பயந்தே" என்றாள் தங்கை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்டா. ஒரு நிமிஷம் இரு."

அக்கா தன் அறைக்கு ஓடினாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"எங்க தேடியும் கிடைக்கலேன்னியே, அந்த கேம். பார்த்துட்டுப் போயேன்."

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அம்மா! இது எப்படிம்மா கிடைச்சுது? சித்தி, ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

ஒற்றை ஷூவோடு உள்ளே ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

தங்கை அக்காவின் அறையில் திறந்து கிடந்த பீரோவை எட்டிப் பார்த்தாள். மடித்து வைத்த துணிகளுக்குப் பின்னால் பிரிக்காத பெட்டிகள் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன.

"அக்கா... இத்தனையும் நீயா வாங்கி வாங்கிக் குடுத்தே?"

உள்ளே துப்பாக்கிகள் மறுபடி வெடிக்க ஆரம்பித்தன.

"வண்டிச் சாவி மட்டும் அவன் கைக்குப் போகக் கூடாதுடி" என்றாள் அக்கா. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.