மிச்சம் பூஜ்யம்

"மறுபடியும் நகர்ந்துடுச்சுங்க," என்றாள் அவள், சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி.

"எவ்வளவு?"

"ரெண்டு கோடு."

ஜன்னலோர நாற்காலியில் இருந்த அவள் கணவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வெளியே தூறல். மதியமா, விடியற்காலையா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம் மேஜைமேல் படுத்திருந்தது. அதில் கருவியின் முள் மட்டும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெல்ல அசைந்து, பூஜ்யத்துக்குத் திரும்பியது.

உடம்பின் தசையில் எழும் துளி மின்சாரத்தைக் காட்டுகிற கருவி அது. அவள் தன் கையாலேயே முதன்முதலாகச் செய்தது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பார்க்க வருகிறார். முள் பூஜ்யத்தில் நின்றால் இன்னும் பத்துக் கருவிக்கு ஆர்டர். நிற்காவிட்டால் கடையை மூடிவிட்டு கணவரின் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அங்கே அவளுக்குச் சமையலறை உண்டு; இப்படி ஒரு மேஜை கிடையாது.

கருவியின் உயிர் இரண்டு டிரான்சிஸ்டர்களில் இருந்தது. ஒன்றில் வருவதை மற்றதிலிருந்து கழித்து, மிச்சத்தை முள் காட்டும். இரண்டும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இம்மி சூடானாலும் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும். ஒன்றுமே வராத இடமாகப் பார்த்துத்தான் காலையில் இரண்டு கம்பிகளின் நுனியையும் ஒட்டியிருந்தாள். அப்படியும் முள் நகர்கிறது என்றால் கோளாறு உள்ளேதானே?

ஜோடி சரியில்லையோ என்று அவர் மெல்ல இழுத்தார்.

"நாற்பதை அளந்து பார்த்து ரெண்டைப் பொறுக்கியிருக்கேன். நம்ம கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்க்கல."

"பார்த்திருந்தா நீ தப்பிச்சிருப்பே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தாள். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவள் சும்மா இருக்கும்போது முள்ளும் சும்மா இருக்கிறது; அயர்னைக் கையில் எடுத்தால்தான் நகர்கிறது. அனல் ஒரு டிரான்சிஸ்டர்மேல் மட்டும் அடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார். இரண்டையும் முதுகோடு முதுகாகப் பசை வைத்து ஒட்டச் சொன்னார். சூடு வந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே வரட்டும்.

ஒட்டினாள். சுற்றிலும் செப்புத் தகடு வளைத்தாள். மேலே ஒரு சின்ன டப்பாவையும் கவிழ்த்தாள். இன்னொரு பக்கம் ஒரு கம்பி பற்றவைக்க வேண்டியிருந்ததால் அயர்னை எடுத்தாள்.

மூன்று கோடு.

"முன்னைக்கு இப்ப ஜாஸ்தி," என்றாள், அழமாட்டாத குறையாக. "உட்கார்ந்த இடத்துலேர்ந்தே எல்லாம் சொல்லிடறீங்க. இங்கே வேகறது என் விரல்தான்."

அவர் அவள் விரல் நுனிகளில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தையல்காரி எட்டிப் பார்த்து, மழைக்கு ஒரு குடை இரவல் வாங்கிக்கொண்டு, ஐயாவுக்கு இன்னிக்கும் மேற்பார்வை உத்தியோகம்தானா என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றரை ஆகியிருந்தது.

கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றார் அவர். கம்பிகளைப் பிரித்தெடுத்து, இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாது. அப்போதும் நகர்ந்தால் கடையைப் பூட்டிவிடலாம்.

முறுக்கினாள். அயர்னை எடுத்தாள். முள் அசையவில்லை. டப்பாவின்மேலேயே கொண்டுபோய்க் காட்டினாள். குளத்தில் நின்றுபோன தண்ணீர்போல முள் பூஜ்யத்தில் அப்படியே கிடந்தது.

"கருவி சுத்தம்," என்றார் அவர். குரல் ஏனோ இறங்கியிருந்தது. "பழையபடி ஒட்டு."

காலையில் இருந்த இடத்திலேயே மறுபடி ஒட்டினாள். முள் பூஜ்யம். அயர்னை எடுத்தாள், ஒரு கோடு. அவசரத்தில் பிடி வழுக்கி, பழுத்த முனை அவள் மணிக்கட்டை உரசப் பார்த்தது. முள் விசுக்கென்று கடைசிக் கோடுவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் அயர்னைத் தாங்கியில் வைத்தாள்.

"இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைம்மா. சுட்டுக்கப் போறியேன்னு... பிடிக்கப் பார்த்தேன்."

அவள் கருவியிலிருந்து புறப்பட்ட இரண்டு கம்பிகளையும் கண்ணாலேயே தொடர்ந்து போனாள். மேஜை விளிம்பைத் தாண்டி, நாற்காலியில் ஏறி, இரண்டு வருஷமாக அவர் மடியில் மரக்கட்டையாகக் கிடந்த வலது கையில், இனி இதில் ஒன்றுமே வராது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்ட அந்தக் கையில், அவை ஒட்டியிருந்தன.