பன்னிரண்டாவது ஊசி

கையை நீட்டினான்.

ஊசி நரம்பைத் தேடிப் பிடித்தது. வருடம் தவறாமல் இதே மேசை, இதே பஞ்சு. கோல்ஃப் மைதானத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவனின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், அவன் ரத்தத்தில் விஷம் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

லைசென்ஸில் அவன் படம். பதிவேட்டில் அவன் கையெழுத்து.

மருந்து டேங்க் மட்டும் அவன் முதுகில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மருந்து வாடையில் குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுத்தான். "இங்க குடுங்க, உங்களுக்கு இது தோதுப்படாது" என்று மயிலாத்தாள் டேங்கை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பத்தாவது படித்த புருஷனுக்கு லைசென்ஸ். மூன்றாவதோடு நின்ற பெண்டாட்டிக்கு டேங்க். பன்னிரண்டு வருடம்.

அவள் இப்போது வெளியே பெஞ்சில் இருந்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படியும் சேலையில் சிந்தியது.

சார், அடிச்சதெல்லாம் அவ. அவ ரத்தத்த எடுங்க.

சொன்னால் லைசென்ஸ் போகும். இரண்டு பேர் வேலையும் போகும். மைதானத்து ஓரத்தில் கொடுத்திருக்கிற வீடும் போகும்.

சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான்.

அரை மணியில் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சிரித்தார்.

"பன்னெண்டு வருசமா மருந்தோட கெடக்கறே. ரத்தம் பச்சப்புள்ள ரத்தமாட்டம் இருக்குதேய்யா!"

வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

முத்திரை விழுந்தது.

அவன் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"என்னங்க சொன்னாரு?" மயிலாத்தாள் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லயாம்."

அவள் முகம் மலர்ந்துபோனது.

"அப்பாடா! நானு இந்தக் கை நடுக்கம் மருந்துனாலயோன்னு மூணு மாசமா பயந்து செத்துட்டனுங்க. நீங்களும் தெனம் பக்கத்துலதான நிக்கறீங்க? உங்களுக்கே ஒண்ணுமில்லீன்னா, அப்பறம் மருந்து மேல என்ன தப்பு?"



மறுநாள் காலை. புல்லில் பனி காயவில்லை. டேங்கின் வார் அவள் விரலுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

குனிந்து, அவனே மாட்டிவிட்டான்.

அவள் முதல் குழியை நோக்கி நடந்தாள்.

அவன் பதிவேட்டைத் திறந்தான். மருந்தின் பெயர். அளவு. நேரம். அடித்தவர் பெயர்.

கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்காமல் விழுந்தது.