மிதந்த மீன்கள்

மாடியில் இருந்த பாலித்தீன் கூடாரத்துக்குள் போன பானுமதி அலறினாள். கோடை வெயிலையும் கார்த்திகை மழையையும் தாண்டி வந்த நாற்பது மீன்களும் தொட்டியில் செத்து மிதந்தன. அந்தத் தண்ணீர்தான் மண்ணுக்குப் பதிலாகப் பீங்கான் சில்லுகளில் வேரோடிய கத்தரிச் செடிகளுக்குப் போய், மறுபடி தொட்டிக்கே திரும்புகிறது.

ஓடி வந்த கணவன் பிரவீன்குமார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"யாரோ விஷம் கலந்துட்டாங்க! இந்தச் செடியில பறிச்ச காய பாப்பாவுக்குக் குடுத்தியா?"

"இல்லங்க! ஒரு வாரமா இதுல கையே வெக்கல. யாருங்க உள்ள வந்திருப்பாங்க?"

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நேற்று தன் கிராமமான மங்களூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா சக்கரபாணி, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"நான்தாம்மா. செடியில புழு இருந்துச்சு. கையோட கொண்டாந்த மருந்த நேத்து சாயங்காலம் அடிச்சு வுட்டேன். மீனு சாவும்னு தெரியாது."

பானுமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளப்பா! நீங்க வயல்லேருந்து பறிச்சாந்த கத்தரிக்காயத்தான் நேத்து வதக்குனேன். பாப்பா ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னா."

சக்கரபாணி செத்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வயலுக்கு அடிச்சதுல மிச்சந்தாம்மா இது."