வெளியாள்

வெள்ளை எலியின் முதுகில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்புத் தோல் இருந்தது. கறுப்பு எலி ஒன்றிடமிருந்து வெட்டி ஒட்டியது. அதில் முடிகூட வளர்ந்துவிட்டது.

“எப்படி சார் ஒட்டிக்கிச்சு?” என்றாள் கூண்டு கழுவும் பிரிசில்லா.

“ரத்தத்துல காவல் செல்லுங்க இருக்கும்மா. அதுங்க மேல இருக்கிற ஒரு புரதந்தான் வெளியாளைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும். அந்தப் புரதத்தோட ஜீனை இதுல எடுத்துட்டோம்” என்றார் ஆய்வாளர் மகிழ்நன்.

பிரிசில்லாவின் ஒரு சிறுநீரகம் நான்கு மாதமாகக் கணவனின் உடலில் இருக்கிறது. அந்த உடல் அதை ஏற்க மறுப்பதாக நேற்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“பத்தொன்பது வருஷமா வெளியே சண்டை. இப்ப உள்ளேயும் ஆரம்பிச்சிட்டாரு. அவருக்கும் அதை எடுத்துவிடுங்களேன் சார்.”

“எடுத்தா ஒரு சளி போதும், ஆளே போயிடுவாரு. இந்த எலியே காத்தை வடிகட்டி விடுற கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் உயிரோட இருக்கு.”

அவள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தாள். எலி தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை முடியும் கறுப்பு முடியும் ஒரே மூச்சில் மெல்ல ஏறி இறங்கின. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பெட்டியில பெருசு கிடைக்குமா சார்? ரெண்டு பேர் படுக்கிற மாதிரி.”