இரண்டாம் நாள் பால்

வாசலில் அண்ணன் பால் செம்போடு நின்றார்.

வாங்கிக்கொள்ளத் தம்பி கை நீட்டவில்லை.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் காலையில் அந்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். வழக்கம்.

இந்த வீட்டுக்குள் பசும்பால் வந்து மாதக்கணக்காகிறது. பாப்பாவுக்கு அது ஆகாது, ஒரு வாய் போனாலும் மூச்சடைத்துவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே நிறுத்தியாயிற்று. தயிர், மோர், நெய், எதுவும் கூடாது. ஆட்டுப்பாலும் கூடாது. தாய்ப்பால் கொடுக்கலாம். ஆனால் தாயும் அதையெல்லாம் தொடக்கூடாது.

அவள் தொடவில்லை.

தயிர் இல்லாமல் சோறு இறங்காதவள். சுண்ணாம்புச் சத்துக்கென்று கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் மாற்றி மாற்றித் தின்றாள். பிஸ்கட் வாங்கினால் கடையிலேயே நின்று உறையின் பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தாள். ஊர் உலகத்தில் இல்லாத பிள்ளையா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

பாப்பாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் இருவரும் குனிந்து அந்தக் கன்னத்தைப் பார்ப்பார்கள். சிவக்கிறதா?

சிவக்காது. அப்புறம்தான் இவர்களுக்கு மூச்சு வரும்.

அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். டீ குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்குவார்.

முந்தாநாள் கோயிலில் அபிஷேகம். கூட்டத்தில் பாப்பா அவர் தோளில் இருந்தாள். பூசாரி கையில் ஊற்றிய பாலை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாப்பாவின் தலையில் தடவினார். மிச்சத்தை அவள் வாயில் விட்டார்.

சாமி பால் என்ன செய்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அவர் செம்பை நீட்டியபடியே நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

உள்ளிருந்து அவள் வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. முந்தாநாளிலிருந்து நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

கையில் சின்ன எவர்சில்வர் டம்ளர். அதில் பாதிக்குப் பால்.

அண்ணனை அவள் பார்க்கவில்லை. புருஷனிடம் டம்ளரைக் கொடுத்தாள்.

"அந்தப் பாலு வேணாம். அவளுக்கு ஒத்துக்காது. இதக் கொண்டுபோய் ஊத்துங்க."

அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவன் தனியாகத்தான் போனான். டம்ளரைத் துண்டால் மூடிக்கொண்டு, தளும்பாமல் நடந்தான்.

மண் இன்னும் இறுகவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, புரையேறிவிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

டம்ளர் காலியானது.

உடனே எழுந்திருக்கவில்லை. குனிந்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.