சிவப்புப் பூட்டு

அதே நீலநிற பிக்கப் வண்டி மறுபடியும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. இறங்கியவனின் கையில் நீளக் கைப்பிடி வைத்த கட்டர் ஒன்று தொங்கியது. எப்பேர்ப்பட்ட பூட்டையும் ஒரே கடியில் துண்டாக்கிவிடும் சாமான் அது.

மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நேற்றுத்தான் அந்தக் கேட்டுக்குச் சங்கிலி வாங்கிப் பூட்டியிருந்தாள்.

"கர்ட், அவன்தான்! பூட்டை வெட்டத்தான் வந்திருக்கான்!"

சமையலறை மேசையில் அண்ணன் மகள் கெல்சியோடு சீட்டாடிக்கொண்டிருந்த கர்ட், காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். திரையை விலக்கிப் பார்த்த அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது.

"ஜன்னல்கிட்ட நிக்காதீங்க அண்ணி. கம்பெனி ஏவிவிட்ட ஆள்னு நான்தான் முதல்லேருந்து சொல்றேனே."

இரண்டு வாரமாக இதே கூத்து. அவள் கடைக்குப் போனால் கடைக்கு, சர்ச்சுக்குப் போனால் சர்ச்சுக்கு அவனும் வந்துவிடுவான். பேச வருவதுபோல் இரண்டடி எடுத்து வைப்பான். கர்ட் தலை தெரிந்தால் போதும், வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடுவான். இப்படி ஒரு கொழுந்தன் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று மார்லிஸ் ஆண்டவனுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

அவளுடைய கணவன் டுவேன் போய்ச் சேர்ந்து இந்த அறுவடையோடு இரண்டு வருடம். கம்பெனியின் தானியக் கோபுரத்துக்குள் இறங்கி, கட்டிதட்டிப்போன மக்காச்சோளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். அடியில் சோளத்தை வெளியே இழுத்து லாரிக்கு அனுப்பும் மெஷின் திடீரென்று ஓடத் தொடங்க, சோளம் அவனை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது.

உள்ளே இறங்குகிறவன் தன் பெயர் எழுதிய பூட்டை மெஷின் ஸ்விட்சில் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். அவனே ஏறி வந்து திறக்கும்வரை வேறு எவனும் மெஷினைத் தொடக் கூடாது. டுவேன் பூட்டே போடவில்லை என்று கம்பெனி அடித்துச் சொன்னது. அந்தப் பூட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையில் சாவி மட்டும் இருந்தது. அதைத்தான் மார்லிஸ் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள்.

"என்கிட்ட வர்ற கேஸ் எல்லாம் ரோட்டு விபத்து, ஆஸ்பத்திரித் தப்பு, இல்லேன்னா இந்த மாதிரி வேலை செய்யற இடத்துச் சாவு," என்றிருந்தாள் மார்லிஸ் போய்ப் பார்த்த வக்கீலம்மா. "வெறும் விபத்துன்னா இழப்பீட்டோட சரி. ஆள் உள்ள இருக்கறது தெரிஞ்சே பூட்டை வெட்டி மெஷினை ஓட்டினாங்கன்னா கோர்ட்டுக்கு இழுக்கலாம். வெளிய லாரி வரிசை கட்டி நிக்கும்போது அப்படியும் செய்யறவங்க உண்டு. ஆனா சாட்சி வேணும். வழக்குப் போட வெள்ளிக்கிழமைதான் கெடு."

கர்ட்டுக்கு இதில் இஷ்டமே இல்லை. அவன் அதே கம்பெனியில் மேஸ்திரி, உள்விவகாரம் தெரிந்தவன். "அண்ணனை மறதிக்காரன்னு ஊர் முன்னாடி நாறடிப்பாங்க. கெல்சி அதைக் கேக்கணுமா? விட்டுடுங்க அண்ணி," என்று தினமும் வந்து கெஞ்சினான். இன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருந்தான். ஆலங்கட்டி மழை வரும் என்று வண்டியைக்கூடக் கொட்டகைக்குள் விட்டிருந்தான்.

"ஷெரீஃபைக் கூப்பிடு கர்ட், போலீஸ் வரட்டும்!"

"அதெல்லாம் எதுக்கு? அண்ணனோட துப்பாக்கி உள்ளதானே இருக்கு?" என்று பின்னறைக்கு விரைந்தான்.

குழந்தை கண் முன்னால் துப்பாக்கிச் சண்டையா! மார்லிஸ் பதறிப்போய் வெளியே ஓடினாள்.

"கிட்ட வராத! என்ன வேணும் உனக்கு?"

அவன் கட்டரைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"பயப்படாதீங்கம்மா. நான் எஃப்ரைன். கம்பெனியில சோளம் அள்ளிப்போடற ஆளு. உங்களைத் தனியாப் பாக்கணும்னுதான் ரெண்டு வாரமா அலையறேன்."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கேட்டின் மேலாக நீட்டினான். வளையம் வெட்டுப்பட்ட ஒரு சிவப்புப் பூட்டு. அதன்மேல் டுவேனின் கோணல் எழுத்தில் அவன் பெயர்.

மார்லிஸ் கழுத்துச் சாவியை அதில் நுழைத்துத் திருகினாள். சுலபமாகத் திரும்பியது. அவளுக்கு அழுகை பீறிட்டது. "போட்டிருக்காரு... பூட்டிட்டுத்தான் இறங்கியிருக்காரு!"

"இந்தக் கட்டரையும் பூட்டையும் சேத்துக் குப்பைக் குழியில வீசினாங்க. நான்தான் எடுத்து வச்சேன். இத்தனை நாளா வேலைக்குப் பயந்து வாயை மூடிட்டிருந்தேன். இனிமே போனாப் போகட்டும், கோர்ட்டுல வந்து சொல்றேம்மா."

"யாருப்பா வெட்டினது? சொல்லு!"

வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி வீட்டின் பக்கம் போயிருந்தது. மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் கர்ட் நின்றிருந்தான். ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கை கெல்சியின் தோள்மேல்.

"அவனைப் பாத்துப் பயப்படாத. என் கொழுந்தன்தான், எங்களுக்குக் காவலா நிக்கிறான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஃப்ரைன் உதடு அசையாமல் சொன்னான்.

"பாப்பாவை முதல்ல வெளிய கூப்பிடுங்கம்மா. வெட்டினது அவர்தான்."